யூசர்நேம் கேட்கிற இடத்தில்

பதின்மூன்று நாளில் ஒன்பதாவது முறையாக அந்த வரி வந்திருந்தது. காலை ஏழு மணி ஆறு நிமிடம். பதிவேட்டு அறைக் கணினி. உள்ளே நுழைய முயன்றவர் பெயர்: நல்லாத்தான் இருக்கேன் முப்பத்துமூன்று. ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே இடம் விடாமல், கடைசியில் எண்ணோடு. அப்படி ஒரு பெயரில் எங்கள் மருத்துவமனையில் யாரும் வேலை பார்க்கவில்லை. அது பெயரே இல்லை, பாஸ்வேர்டு. யூசர்நேம் கேட்கிற இடத்தில் பாஸ்வேர்டை அடித்து என்டரையும் தட்டிவிட்டால், கணினி அதைப் பெயர் என்று நம்பி, இப்படி ஒருவர் வந்தார், உள்ளே விடவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டை மறைக்க அதற்குத் தெரியும். பெயரை எதற்கு மறைக்கப் போகிறது? அந்தத் தோல்விப் பட்டியல் தினமும் காலை எட்டு மணிக்கு எனக்கும் கண்காணிப்பாளருக்கும் இன்னும் நான்கு பேருக்கும் மின்னஞ்சலில் போகும். ஆக, ஒரு மனுஷி தன் ரகசியத்தைத் தினமும் ஆறு பேருக்குத் தபாலில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. இந்த வில்லங்கத்தை இழுத்துவிட்டவனே நான்தான். எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் விவரம் எல்லாம் கறுப்புத் திரையில்தான் தேட வேண்டும். பொத்தான், படம், வண்ணம் எதுவும் கிடையாது. கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். அடிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் நான் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு சொல் அடித்தால் அன்றைக்கு வரவேண்டிய நோயாளிகளின் பட்டியல் அச்சாகி வெளியே வந்து விழும். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் தணிக்கைக்காரர் ஒருவர் வந்தார். என் நிரலைத் திறந்து பார்த்து, பாஸ்வேர்டை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இனி எந்தக் கோப்பிலும் பாஸ்வேர்டு எழுதி வைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஆளைக் கேட்டு வாங்க வேண்டும், அவரவர் காலையில் கணினியைத் திறக்கிற சொந்தப் பாஸ்வேர்டுதான் இதற்கும் என்று எழுதிவிட்டுப் போனார்.

சரி, கேட்கிறேன் என்று உட்கார்ந்தேன். எங்களிடம் பழைய தரவுத்தளம் ஒன்று, புதியது ஒன்று. எனவே மூன்று கேள்விகள். பழையதா புதியதா, உங்கள் யூசர்நேம் என்ன, பாஸ்வேர்டு என்ன. பழைய தரவுத்தளம் இருக்கிற இயந்திரம் ஒரு நோஞ்சான். இரண்டு நாள் எழுந்தால் ஒரு நாள் படுத்துவிடும். அது படுத்திருக்கிற நாளில் பழையதா புதியதா என்று கேட்பது வீண் என்பதால், அன்றைக்கு மட்டும் முதல் கேள்வி தானாகவே மறைந்துவிடுகிற மாதிரி எழுதினேன். தேவையில்லாத கேள்வியைக் கேட்காத நிரல். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தணிக்கைக்காரர் மறுபடி வந்து பார்த்து, தலையாட்டி, கேள்விகளின் வரிசைக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரம் முழுக்க என் போன் ஓயவில்லை. பாஸ்வேர்டு அடிக்கும்போது கறுப்புத் திரையில் ஒன்றும் தெரியாது. நட்சத்திரக் குறிகூட விழாது. பரிசோதனைக்கூடத்துக்காரர், "அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது, கீபோர்டு செத்துப்போச்சு," என்று புதுக் கீபோர்டுக்கு மனு எழுதிவிட்டார். மருந்தகத்தில் ஒருவர் விழவில்லையே என்று ஒரே பாஸ்வேர்டை நான்கு தரம் அடித்து வைத்திருந்தார். எல்லோரும் ஆளுக்கு ஒருமுறையாவது யூசர்நேம் கேட்கிற இடத்தில் பாஸ்வேர்டைக் கொட்டினார்கள். தலைமைச் செவிலியின் பாஸ்வேர்டு 'லீவு வேணும் ஏழு' என்பதும் பரிசோதனைக்கூடத்துக்காரர் தன் மாமனாரை என்ன பெயர் சொல்லித் திட்டுவார் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. மூன்றாம் நாள் ஒவ்வோர் அறையாகப் போய், இந்த மாதிரி தப்பாக அடிப்பதெல்லாம் பட்டியலில் வருகிறது, நான் படிக்கிறேன், இன்னும் ஐந்து பேர் படிக்கிறார்கள், உடனே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எல்லோரும் திருந்திவிட்டார்கள், பதிவேட்டு அக்கா ஒருத்தரைத் தவிர.

பதிவேட்டு அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் கோப்புகள். இரும்பு அடுக்குகள் கூரையை முட்டும். தினமும் காலையில் பட்டியலை எடுத்து, அன்றைக்கு வருகிறவர்களின் கோப்புகளைத் தேடி எடுத்து, எட்டரைக்குள் டாக்டர்களின் மேசைக்கு அனுப்பியாக வேண்டும். அக்கா அந்த அறைக்கு வந்து இருபத்தாறு வருடம். அவருக்கு உதவிக்கு ஒருவர் உண்டு, நாற்பத்தைந்து வயது, முழங்கால் வலிக்காரர், நாள் முழுக்க அடுக்கில் ஏறி இறங்குவதால் அவருக்கு ஏணி என்றே பெயர். அக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு என்று மருத்துவமனையில் பேச்சு. ஆளை நேராகப் பார்க்க மாட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்ப்பார், நீ எல்லாம் ஒரு ஆளா என்கிற மாதிரி. பட்டியலை ஏணியிடம் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கச் சொல்வார். அக்கா 'சரி' என்றால்தான் ஏணி அடுத்ததுக்குப் போகலாம். அது மட்டுமா, எதற்கெடுத்தாலும் அச்சு. திரையில் இரண்டு வரியில் தெரிகிற விவரத்தைக்கூடத் தாளில் எடுப்பார். போன வருடம் காகிதச் செலவைப் பற்றி நானே அவருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஒன்பதாவது வரியைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பட்டியலை உருவிக்கொண்டு கீழே போனேன்.

"அக்கா, இன்னைக்கும் அதே கதைதான்."

"என்ன கதை?"

"யூசர்நேம் கேக்குற இடத்துல பாஸ்வேர்டு அடிச்சிருக்கீங்க. ரெண்டு தரம் மாத்தச் சொல்லி, முப்பத்திரண்டு ஆச்சு, முப்பத்திமூணு ஆச்சு. நாளைக்கு முப்பத்திநாலையும் ஊருக்கே சொல்லப் போறீங்க."

"அப்புறம் சரியா அடிச்சுட்டேனே. லிஸ்ட் வந்துடுச்சு."

"ரெண்டாவது தரம் எல்லாருக்கும்தான் வரும். முதல் தரம் ஸ்கிரீன்ல என்ன கேக்குதுன்னு பார்த்துட்டு அடிங்கக்கா. தமிழ்லதானே எழுதி வெச்சிருக்கேன்? எழுத்துக்கூட்டிப் படிச்சாக்கூட அஞ்சு நொடி ஆகாது."

ஏணி அடுக்கின் மேலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். அக்கா வழக்கம்போல முகத்தை ஒரு பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

"மாத்திடறேன் தம்பி," என்றார். அவ்வளவுதான்.

மேலே வந்தால் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பியிருந்தார். தோல்விப் பட்டியலைப் படிக்கிற ஆறு பேரில் உண்மையிலேயே படிக்கிறவர்கள் நானும் அவரும்தான். ஒன்பது வரியிலும் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஒரே மெஷின்ல இத்தனை தடவை. யாரோ உள்ள நுழையப் பாக்குறாங்களா, இல்ல அந்தம்மாவுக்கு முடியலையா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும். திங்கக்கிழமை தணிக்கைக்கு நான் பதில் சொல்லணும். காலையில காரணத்தோட எழுதிக் கொண்டாங்க."

"அவங்க கவனமில்லாம அடிக்கிறாங்க சார்."

"ரெண்டு வாரமா கவனமில்லைன்னா அதுக்குப் பேரு முடியலைன்னுதான். எழுதுங்க. வாசல்ல பார்வையாளருங்ககிட்ட சீட்டு வாங்குற ஸ்டூல் காலியாத்தான் கிடக்கு."

சரி சார் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. என் நிரலில் குறை இல்லை, அடிக்கிற ஆளிடம்தான் குறை என்று மேலிடமே சொல்கிறதே.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் புலம்ப ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போன் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களின் புலம்பலைக் கேட்டுவிட்டு வருகிறவள், என் புலம்பலைத் துணி மடித்துக்கொண்டேதான் கேட்பாள். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் மடிப்பதை நிறுத்தினாள்.

"தினமும் தப்பா அடிக்கிறாங்களா?"

"தினமும் இல்ல. பதிமூணு நாள்ல ஒம்பது நாள்."

"மத்த நாலு நாள்?"

"சரியா அடிச்சிருக்காங்க. அதான் எரிச்சலே. தெரியாமன்னா பரவாயில்ல."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு. பார்வை கிடையாது. எங்க எல்லாரையும்விட வேகமா அடிப்பாரு. கேள்வி வரிசையை மாத்தினா மட்டும்தான் தப்பு வரும். மாத்தறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லணும்னு எங்களுக்கு ரூலே இருக்கு." பிறகு ஒரு சட்டையை உதறிக்கொண்டே, "உங்க நிரல் தினமும் ஒரே மாதிரிதான் கேக்குமா?" என்றாள்.

மடிக்கணினியைத் திறந்து, பழைய இயந்திரம் எந்தெந்த நாள் படுத்திருந்தது என்ற கணக்கை எடுத்தேன். பக்கத்தில் தோல்விப் பட்டியலை வைத்துக்கொண்டேன். அக்கா தினமும் ஊகித்திருக்கிறார். இன்றைக்கு முதல் கேள்வி இருக்கும் என்று நினைத்து அடித்த நாளில் அது இருக்கவில்லை. இருக்காது என்று நினைத்த நாளில் இருந்திருக்கிறது. இரண்டு விதத்திலும் பதில்கள் ஓரிடம் தள்ளிப்போய், முதல் தடவையோ, தப்பென்று நிரல் மறுபடி கேட்கும்போதோ, பாஸ்வேர்டு பெயரின் இடத்தில் போய் விழுந்திருக்கிறது. ஊகம் பலித்த நாட்கள் நான்கு. திரையை ஒரு தரம் பார்த்திருந்தால் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. அவருக்குத் திரை தெரியவில்லை. ஓரக்கண் பார்வையும் ஏணியைப் படிக்கச் சொல்வதும் அந்தத் தாள் தாளான அச்சும் என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்துக்கூட்டிப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த எண்ணும் என்னைப் போட்டு வாட்டியது. எங்கள் மருத்துவமனையில் மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்பது என் தொல்லையால் வந்தது. அதற்கு முன் முப்பது. முப்பது மாதமாக அந்த அம்மாள் தினமும் காலையில் யாரும் பார்க்காத இடத்தில் நல்லாத்தான் இருக்கேன் என்று அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை, முதல் கேள்வியை எல்லா நாளும் கேட்கும்படி மாற்ற அனுமதி வேண்டும் என்று படிவம் நிரப்பிக்கொண்டு போனேன். ஒரே ஒரு வரியை அழிக்கிற வேலை. காரணம் என்ற கட்டத்தில் 'பயன்படுத்துகிறவர்களுக்கு வசதி' என்று எழுதியிருந்தேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டுப் படிவத்தை என் பக்கமே தள்ளினார்.

"எந்தப் பயன்படுத்துறவங்க?"

"பொதுவா சார்."

"பொதுவா எல்லாரும் பழகிட்டாங்களே. இந்த வரிசைக்குக் கீழ தணிக்கைக்காரர் கையெழுத்து இருக்கு. அதை மாத்தினா அவரை மறுபடி கூப்பிடணும். எதுக்கு மாத்தினீங்கன்னு கேப்பாரு. யாருக்காக மாத்தினீங்கன்னு கேப்பாரு. சொல்லுங்க, என்ன சொல்லட்டும்?"

படிவத்தை மடித்துக்கொண்டேன். ஒரு வரி. என் கையால் எழுதிய வரி, என் கையால் அழிக்க முடியவில்லை. நான் பெருமைப்பட்டுக்கொண்ட அதே வரி. திரும்பி வந்து நாற்காலியை உதைத்துத் தள்ளி உட்கார்ந்தேன். மத்தியானம்தான் அது தோன்றியது. வரிசைக்குத்தான் கையெழுத்து. சத்தத்துக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்புவதற்குள் நிரலில் மணி வைத்தேன். பழையதா புதியதா என்று கேட்டால் ஒரு 'பீப்'. யூசர்நேம் கேட்டால் இரண்டு. பாஸ்வேர்டு கேட்டால் மூன்று.

சனிக்கிழமை விடிந்ததும் போன் வரிசை கட்டியது. பரிசோதனைக்கூடத்துக்காரர், "என்னய்யா, கோழிக்குஞ்சு வளர்க்கிறியா பெட்டிக்குள்ள?" என்றார். தலைமைச் செவிலி, வார்டில் பாதிப் பேர் தங்கள் உடம்பில் மாட்டிய கருவிதான் கத்துகிறதென்று பயந்து எழுந்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தார். பழகிடும், பழகிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பதிவேட்டு அறையிலிருந்து போன் வரவில்லை. எட்டு மணிக்குத் தோல்விப் பட்டியல் வந்தது. பதிவேட்டு அறைக் கணினியின் பெயரில் ஒரு வரி இருந்தது. மணியும் உதவவில்லையா என்று நினைத்தேன். பிறகு வரியைப் படித்தேன். ஏழு மணி மூன்று நிமிடம். நுழைய முயன்றவர் பெயர்: யாருக்கு இந்த மணி.

இது தப்பாக அடித்ததில்லை. தப்பாக அடிப்பதெல்லாம் நான் படிப்பேன் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கீழே போனேன். ஏணி கோப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிருந்தார். அக்கா நாற்காலியில் இருந்தார். நான் இரண்டடி வைத்ததுமே, "உக்காரு," என்றார். என் நடைச் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எப்பத் தெரியும்?"

"முந்தாநேத்து சாயங்காலம்."

"யார் யார்கிட்ட சொன்ன?"

"வீட்ல மட்டும்."

"அப்ப ரெண்டு பேரு." மேசை மேலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார். ஓரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிக்கொண்டார். "நடுவுல மட்டும் இல்ல. ஓரத்துல எல்லாம் தெரியுது. உன் காது தெரியுது, தோள் தெரியுது. மூஞ்சி இருக்கற இடத்துல ஒண்ணுமில்ல. எழுத்தும் அப்படித்தான். எதைப் பாக்கறேனோ அது போயிடும்."

"டாக்டர்கிட்ட..."

"வெளியூர்ல போய்க் காமிச்சேன். மாசாமாசம் ஊசி போட்டா இருக்கறதாவது மிஞ்சும்னாங்க. நாலு மாசம் போனேன். அப்புறம் மாசாமாசம் எதுக்கு லீவுன்னு மேல கேட்டாங்க. நிறுத்திட்டேன்."

"நம்ம ஆஸ்பத்திரியிலயே கண் பிரிவு இருக்குக்கா. மாடியில. லீவே வேண்டாம்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "மாடியில காமிச்சா பேரு எங்க வரும்? காலையில லிஸ்ட்ல வரும். லிஸ்ட் எங்க வரும்? இந்த மேசைக்கு. யாரு படிப்பா? அவன். சத்தமாப் படிப்பான், நான்தானே பழக்கி வெச்சிருக்கேன். ரெண்டரை வருஷமா அவனுக்கே தெரியாம அவன் கண்ணைத்தான் வாங்கி வேலை பாத்துட்டிருக்கேன். அவன் வாயால என் பேரைப் படிக்கச் சொல்றியா?"

என்ன செய்வதென்று தெரியாதபோது கோபம்தான் வருகிறது எனக்கு. யார் மேல் என்று இல்லாமல் வந்தது.

"அதுக்காக இருக்கறதையும் இழக்கறதா? தப்பான ஃபைல் ஒண்ணு போச்சுன்னா?"

"போச்சா?" முகத்தைச் சட்டென்று திருப்பினார். "ரெண்டரை வருஷத்துல ஒண்ணு போச்சா? சொல்லு. உன் கம்ப்யூட்டர் எத்தனை தரம் படுத்துச்சு?"

உண்மைதான். பதிவேட்டு அறை மேல் ஒரு புகாரும் கிடையாது. என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது.

"வாசல் ஸ்டூலைப் பத்தி எனக்கும் தெரியும்," என்றார் அக்கா. "அங்க உக்கார்ந்தா சீட்டுல இருக்கறதைப் படிக்கணும். இங்க எனக்குப் படிக்க வேண்டாம். ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும். இந்த ஒரு ரூம்லதான் எனக்குக் கண் இருக்கு. அதை எடுத்துட்டு என்னை வாசல்ல உக்கார வெக்கறதா இருந்தா, நேரா வீட்டுக்கே அனுப்பிடச் சொல்லு."

"திங்கக்கிழமை காலையில ரிப்போர்ட் கொடுக்கணும்கா. காரணத்தோட."

"கொடு."

"என்ன எழுதட்டும்?"

"உனக்குத் தெரிஞ்சதை எழுது. பொய் எழுதிட்டு நாளைக்கு நீ மாட்டிக்காதே." வெளியே வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. ஏணி திரும்பி வருகிறார். அக்கா குரலைத் தாழ்த்தினார். "அந்த மணி நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டுட்டு வெச்சிருக்கலாம் நீ."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாள், நேரம், இயந்திரம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. காரணம் என்ற கட்டம் ஒன்றுதான் பாக்கி. 'பயனர் கவனக்குறைவு' என்று எழுதி அழித்தேன். அது பொய், அவர் வேலையும் போய்விடும். 'நிரலின் வடிவமைப்பில் குறை' என்று எழுதினேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. ஏன் ஓர் ஆளுக்கு மட்டும் அந்தக் குறை தொல்லை கொடுத்தது என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதையும் அழித்தேன். என் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டேன். கட்டம் காலியாகவே இருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போகாமல் கீழே இறங்கினேன். எதற்கு என்று எனக்கே தெளிவில்லை. பதிவேட்டு அறை வாசலில் நிற்கும்போது உள்ளே மணி கேட்டது. இரண்டு. பழைய இயந்திரம் இன்றைக்கும் படுத்துவிட்டது போல. விசைகள் வேகமாக ஓடின. மூன்று பீப். மறுபடி விசைகள். அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு தாளைத் துப்ப ஆரம்பித்தது. ஒரு தப்பும் இல்லை. நான் கதவோரம் நின்றது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். திரும்பவில்லை.

ஏணி தாளை எடுத்துக்கொண்டு அடுக்கின் இரண்டாம் படியில் ஏறி நின்றார். வழக்கம்போலப் படிக்க ஆரம்பித்தார். எலும்பு, குழந்தைகள், தோல். ஒவ்வொரு எண்ணுக்கும் அக்கா இடம் சொன்னார். நாலாம் வரிசை, இடது, மேலருந்து மூணாவது. சரி. அடுத்தது. ஆறாம் வரிசை, கடைசி, கட்டு பிரிஞ்சிருக்கும், பாத்து எடு. சரி. அந்த வேகத்துக்கு என் தரவுத்தளம் ஓடியதில்லை.

"கண் பிரிவு," என்றார் ஏணி. "இன்னைக்குப் பதினெட்டு பேரு."

"படி."

பத்து எண்கள் போயின. பதினொன்றாவதில் ஏணி நின்றுவிட்டார். தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன?"

"புது நம்பர்க்கா. சனிக்கிழமை சாயங்காலம் பதிஞ்சிருக்காங்க. ஃபைல் இருக்காது."

"பேரு?"

ஏணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பேரைப் படி."

படித்தார். தயங்கித் தயங்கித்தான் படித்தார், ஆனால் சத்தமாகவே படித்தார். அந்த அறையில் அப்படித்தான் படிக்க வேண்டும். எனக்கு அக்காவின் முழுப் பெயர் அன்றைக்குத்தான் தெரியும்.

"வயசு?"

"ஐம்பத்திநாலு."

"சரி," என்றார் அக்கா.

அவர் கை மேசைக்குக் கீழே போயிற்று. தேடவில்லை, துழாவவில்லை, நேராகப் போய் ஒரு புது அட்டையை உருவிக்கொண்டு வந்தது. அதன் மேல் தடித்த பேனாவை வைத்து, ஏணி இருக்கிற பக்கமாக நீட்டினார்.

"நீயே எழுதிடு. கொஞ்சம் பெரிய எழுத்தா எழுது."

ஏணி இன்னும் படியிலிருந்து இறங்கவில்லை. என் சட்டைப் பையில் தாள் மடிப்பு உறுத்திக்கொண்டிருந்தது. அட்டை, அவர் நிற்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் நீண்டிருந்தது.